பன்றி தின்றதும் ஊர் முகர்ந்ததும்

நெதர்லாந்து என்றால் நமக்கு டூலிப் தோட்டம், காற்றாலை, பால்கட்டி. சினிமாப் பாட்டில் காட்டியதும் அவ்வளவுதான். அந்த நாட்டின் தெற்கில் வடக்கு பிரபான்ட், லிம்பர்க் என்று இரண்டு மாகாணங்கள் இருக்கின்றன. அங்கே பல கிராமங்களில் டூயட் எடுக்க முடியாது, மூக்கு ஒத்துழைக்காது. 1997-ல் நெதர்லாந்தில் மனிதர்கள் சுமார் 1 கோடியே 56 லட்சம் பேர். பன்றிகள் சுமார் 1 கோடியே 50 லட்சம். கிட்டத்தட்ட தலைக்கு ஒன்று. நாட்டின் பரப்போ தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண்: 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் சேர்த்தே பன்றிகள் சுமார் 90 லட்சம்தான்.

இந்தப் பதிவு அந்த நாற்றத்தின் வரலாறு. சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் முடித்துவிட்டு வரலாம் :-)

ஒரு வங்கிக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். அசாமுக்கு மாற்றலாகி வந்த பிறகு பன்றிப் பண்ணைக் கடன் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வர ஆரம்பித்தன. (இந்தியாவிலேயே பன்றிகள் அதிகம் உள்ள மாநிலம் அசாம்.) திட்ட அறிக்கையில் குட்டி விலை, தீவனச் செலவு, கொட்டகை, இறைச்சி வரவு எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருக்கும். எருவுக்கு ஒரு சின்ன வரவு காட்டியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் முகரப்போகும் நாற்றத்துக்கு மட்டும் எந்தப் பத்தியிலும் இடம் இல்லை. அதைக் கணக்கில் கொண்டுவர யாராவது முயன்றிருக்கிறார்களா என்று தேடிப் போனபோதுதான் டச்சுக்காரர்கள் கண்ணில் பட்டார்கள். நான் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப், வேதியியல் பத்தாம் வகுப்போடு சரி. ஆனால் இந்தக் கதையில் பாதி வேதியியல், மீதிப் பாதி பற்று வரவு. அதனால் பிழைத்தேன்.

முதலில் பற்று வரவு. 25 கிலோ குட்டி 110 கிலோ ஆகும்வரை சுமார் 240 கிலோ தீவனம் தின்னும் என்று வையுங்கள். அந்தத் தீவனத்தில் 16 சதவீதம் புரதம். ஆக உள்ளே போன புரதம் 38.4 கிலோ. புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். அப்படியானால் உள்ளே போன நைட்ரஜன் சுமார் 6.1 கிலோ. பன்றியின் உடம்பில் சதையாகத் தங்குவது சுமார் 2.2 கிலோ. மிச்சம் 3.9 கிலோ எங்கே? பின்பக்கமாக வெளியே வந்துவிட்டது. விவசாயி காசு கொடுத்து வாங்கிய புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கொட்டகைக்கு அடியிலுள்ள குழிக்குப் போகிறது. எந்தக் கிளை மேலாளரும் இப்படி ஒரு தொழிலுக்குக் கடன் கொடுக்க இரண்டு முறை யோசிப்பார்.

இவ்வளவு வீணாவது ஏன்? நம் அடுப்படிக் கணக்கில் சொல்கிறேன். இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உங்களிடம் பத்து படி அரிசி இருக்கிறது, உளுந்து ஒரு படிதான். அப்போது நாலு படி அரிசிக்குத்தான் இட்லி. மற்ற ஆறு படி அரிசி இருந்தும் இல்லாததுதான். புரதமும் அப்படியே. அது இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த மாலை. பன்றிக்குத் தானியத் தீவனத்தில் முதலில் பற்றாக்குறை ஆவது லைசின் என்ற அமிலம். மக்காச்சோளம், கோதுமை, அரிசி எல்லாவற்றிலும் லைசின் குறைவு. பருப்பு வகைகளில் அதிகம். நம் பாட்டிமார் சாதத்தோடு சாம்பாரை ஊற்றியதன் பின்னால் இருக்கும் விஞ்ஞானமும் இதுவே. பன்றிக்கு சாம்பார், சோயாப் புண்ணாக்கு. லைசின் பற்றாக்குறையை நிரப்பும் அளவுக்கு சோயாவைக் கொட்டினால் மற்ற அமிலங்கள் தேவைக்கு மேல் போய்விடும். அரிசியையாவது டப்பாவில் போட்டு வைக்கலாம். மிஞ்சிய அமினோ அமிலத்தை உடம்பு சேமித்து வைப்பதில்லை. அதிலிருந்து நைட்ரஜனை உருவி யூரியாவாக்கி மூத்திரத்தில் அனுப்பிவிடும்.

யூரியாவுக்குத் தானாக வாசனை கிடையாது. பன்றியின் சாணத்தில் இருக்கும் நுண்ணுயிர்களிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. மூத்திரமும் சாணமும் கலந்த சில மணி நேரத்தில் அது யூரியாவை அம்மோனியாவாக உடைக்க ஆரம்பிக்கிறது. பழைய முறையில் வைக்கோல் பரப்பிய தரை இருந்தது. புதிய முறையில் தரையில் இடுக்கு விட்டு, எல்லாம் கீழே ஒரே குழியில் விழும்படி கட்டினார்கள். பெருக்க ஆள் வேண்டாம், செலவு மிச்சம். அம்மோனியா தயாரிக்க இதைவிட நல்ல பாத்திரம் இல்லை.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

பிரபான்டின் பீல் பகுதி மணலும் கரிச்சதுப்பும் கலந்த ஏழை மண். சின்னச் சின்ன நிலம், பெரிய கத்தோலிக்கக் குடும்பங்கள். நிலம் சோறு போடாத இடத்தில் பன்றியும் கோழியும் போட்டன. முதல் போட்டது கூட்டுறவு வங்கி. ஜெர்மனியின் ரைஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்க முறையை டச்சு விவசாயிகள் எடுத்துக்கொண்டார்கள். ரைஃபைசன் பெயரைத் தாங்கிய உட்ரெக்ட் மைய வங்கியும், ஐந்தோவனில் இருந்த விவசாயிகள் கடன் வங்கியும் 1972-ல் இணைந்ததுதான் ராபோபேங்க். பெயரின் முதல் இரண்டு அசைகளும் அந்த இரண்டு வங்கிகளிடமிருந்து வந்தவை.

(இங்கே ஒரு சின்ன இடைச்செருகல், தொழில் பாசம் விடவில்லை. அதே ரைஃபைசன் நம் ஊருக்கும் வந்தார். சென்னை மாகாண அரசு ஃபிரெட்ரிக் நிக்கல்சன் என்ற ஐசிஎஸ் அதிகாரியை ஐரோப்பிய விவசாய வங்கிகளைப் பற்றி ஆராயச் சொன்னது. 1895, 1897 என்று இரண்டு பாகமாக வந்த அவர் அறிக்கையின் சாரமே ரைஃபைசன் முறையை இங்கே கொண்டுவாருங்கள் என்பதுதான். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. உங்கள் ஊர்க் கூட்டுறவு சொசைட்டியும் பிரபான்ட் பன்றிக் கொட்டகைக்குப் பணம் கொடுத்த வங்கியும் ஒன்றுவிட்ட பங்காளிகள்.)

மணல் மண்ணில் இத்தனை பன்றிக்குத் தீவனம் எங்கிருந்து வந்தது? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1960 முதல் 1962 வரை ஜெனீவாவில் காட் அமைப்பின் தில்லன் சுற்றுப் பேச்சு நடந்தது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் தன் விவசாயிகளைக் காக்க வெளிநாட்டுத் தானியத்துக்குப் பெரிய வரி போடத் திட்டமிட்டிருந்தது. பதிலுக்கு அமெரிக்காவுக்கு ஏதாவது தரவேண்டும். சோயா போன்ற எண்ணெய் வித்துக்களையும் புண்ணாக்கையும் வரியே இல்லாமல் விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அது ஒரு சின்ன சரக்கு, யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

அதன் விளைவைப் பாருங்கள். உள்ளூர் கோதுமை, பார்லி விலை அரசு ஆதரவால் உச்சத்தில். வெளியிலிருந்து வரும் சோயாப் புண்ணாக்கு மலிவு. மரவள்ளிக்கிழங்கும் வரி குறைந்த பட்டியலில் இருந்தது. தாய்லாந்திலிருந்து உலர்த்திய மரவள்ளி கப்பல் கப்பலாக ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கியது. (நம் சேலத்து ஜவ்வரிசிக்கு மூலப்பொருளான அதே கிழங்கு.) மரவள்ளியில் மாவுச்சத்து உண்டு, புரதம் 2 அல்லது 3 சதவீதம்தான். எனவே சோயா நிறையச் சேர்க்க வேண்டும். மரவள்ளியும் சோயாவும் சேர்ந்தால் உள்ளூர் பார்லியைவிட மலிவான தீவனம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த பன்றிக்காரர் கொழித்தார். தாய்லாந்தோடு 1982-ல் ஏற்றுமதிக்கு உச்சவரம்பு ஒப்பந்தம் போடும் அளவுக்கு இந்தச் சரக்கு பெருத்தது.

தீவனம் கடல் கடந்து வந்தது. இறைச்சி ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போனது. நடுவில் கழிந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் மட்டும் பிரபான்டிலேயே தங்கிவிட்டன. தாய்லாந்து, அமெரிக்கா, பிரேசில் வயல்களின் உரம் ஒரு மூலையில் வந்து குவிந்தது. பீல் நாற்றத்தின் பிறப்பிடம் எது என்று கேட்டால் பன்றியின் வயிற்றைச் சொல்வதைவிட ஜெனீவாவில் போட்ட ஒரு கையெழுத்தைச் சொல்வேன்.

ஆரம்பத்தில் நாற்றம் என்பது பக்கத்து வீட்டுச் சண்டை. கிராமத்தில் இதெல்லாம் சகஜம் என்று பண்ணைக்காரரும், ஜன்னல் திறக்க முடியவில்லை, கொடியில் துணி காயப்போட முடியவில்லை என்று புதிதாக வீடு கட்டி வந்தவர்களும் முட்டிக்கொண்டார்கள். 1982-ல் விஷயம் வேறு தளத்துக்குப் போனது. வாகெனிங்கன் மண்ணியல் அறிஞர் நிகோ வான் பிரீமனும் அவர் குழுவும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காட்டு மரங்களின் இலைகளில் படிந்து மழையோடு இறங்கும் அம்மோனியம் மண்ணைக் கடுமையாக அமிலமாக்குகிறது, அந்த அம்மோனியா கால்நடைக் கழிவிலிருந்து வருகிறது என்றது அது. அமில மழை என்றால் தொழிற்சாலைப் புகை என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். புகைபோக்கியே இல்லாத கொட்டகையும் குற்றவாளிக் கூண்டில் ஏறியது.

1984 நவம்பரில் விவசாய அமைச்சர் கெரிட் பிராக்ஸ் திடுதிப்பென்று ஒரு இடைக்காலச் சட்டம் கொண்டுவந்தார். புதிய பன்றி, கோழிப் பண்ணை கூடாது, பழையது இஷ்டத்துக்குப் பெருகக் கூடாது. முன்னாலேயே சொன்னால் இரவோடு இரவாக அஸ்திவாரம் போட்டுவிடுவார்கள் என்று சொல்லாமல் செய்தார். அப்படியும் ஓட்டைகள் இருந்தன. பன்றிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் 1980-களின் முடிவில் 1 கோடியே 40 லட்சத்தைத் தொட்டது. 1987 முதல் ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவு பாஸ்பேட் எரு என்று வரம்பு வந்தது. எருவை நிலத்தின் மேல் பீய்ச்சாமல் மண்ணுக்குள் செலுத்த வேண்டும் என்ற விதி 1990-களில் வந்தது. எல்லாமே வெளியே வந்த பிறகு செய்யும் வைத்தியம்.

வாய்ப்பக்கம் வைத்தியம் பார்க்கலாம் என்று முதலில் காட்டியது பாஸ்பரஸ். தானியத்திலுள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. பன்றியின் வயிற்றில் அதற்குச் சாவி இல்லை. ஈஸ்ட்டும் பெனிசிலினும் செய்துவந்த டெல்ஃப்ட் நகரத்து கிஸ்ட் ப்ரோகேட்ஸ் நிறுவனம் அந்தச் சாவியை, பைட்டேஸ் நொதியை, ஒரு பூஞ்சையைக் கொண்டு தயாரித்து 1991-ல் விற்பனைக்கு விட்டது. டன்னுக்கு ஒரு சிட்டிகை போட்டால் எருவிலுள்ள பாஸ்பரஸ் சுமார் 30 சதவீதம் குறைந்தது. பாஸ்பரஸுக்கு நாற்றம் இல்லை, அதனால் அதை இத்தோடு விடுகிறேன். ஆனால் தீவன மூட்டையில் கை வைத்தால் குழியில் மாற்றம் தெரியும் என்று அரசாங்கம் நம்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நைட்ரஜனுக்கு அந்தச் சிட்டிகை எது? லைசின். சோயாவைக் குறைத்து, விடுபட்ட லைசினை மட்டும் தனியாகப் பொடியாகப் போட்டால் போதும். சரியான அமிலங்களைச் சரியான விகிதத்தில் கொடுக்கும் 'இலட்சியப் புரதம்' என்ற கருத்தை பிரிட்டனின் வேளாண் ஆராய்ச்சி மன்றம் 1981-லேயே பன்றித் தீவன அளவீட்டில் சேர்த்துவிட்டது. பொடிதான் மலிவாகக் கிடைக்க வேண்டும்.

பொடியின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. 1908-ல் கிகுனாயே இகெடா என்ற பேராசிரியர் கடற்பாசிச் சாறிலிருந்து ஒரு சுவை உப்பைப் பிரித்தார். அஜினோமோட்டோ! ஃப்ரைடு ரைஸ் கடைக்காரர் தூவுகிற அதே உப்பு. 1956-ல் கியோவா ஹக்கோ நிறுவனத்தில் கினோஷிடா குழுவினர், அந்த குளூட்டமிக் அமிலத்தைச் சர்க்கரையிலிருந்து தயாரிக்கும் ஒரு மண் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். அதையே கொஞ்சம் மாற்றிப் பழக்கினால் லைசின் தந்தது. அஜினோமோட்டோவும் பன்றித் தீவன லைசினும் ஒரே பாக்டீரியா குடும்பத்தின் சரக்கு என்று தெரிந்த அன்று எங்கள் வீட்டில் சைனீஸ் சாப்பாடு பாதியில் நின்றது.

அமெரிக்கப் பன்றிக்காரர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. ஒன்றரை கிலோ லைசினும் 48.5 கிலோ மக்காச்சோளமும் சேர்ந்தால் 50 கிலோ சோயாப் புண்ணாக்குக்கு ஈடு. இதைப் பார்த்தவுடனே எந்த வியாபாரிக்கும் விஷயம் புரியும். சோயா விலைக்கும் சோள விலைக்கும் உள்ள இடைவெளிதான் லைசினின் மதிப்பு. சோயா ஏறினால் லைசின் ஓடும். சோயா சரிந்தால் பன்றிக்குப் புரதம் அளவுக்கு மீறிப் போகும், கொட்டகையில் அம்மோனியா ஏறும். பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கு அவருக்கே தெரியாமல் சிகாகோ சரக்குச் சந்தையோடு கட்டப்பட்டிருந்தது.

அந்த லைசின் விலையில் ஒரு திருட்டும் நடந்தது. 1991-ல் அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் இல்லினாய் மாநிலத்தில் பெரிய லைசின் ஆலை திறந்தது. விலை ஏறத்தாழ பாதியாக விழுந்தது. உடனே 1992-ல் அஜினோமோட்டோ, கியோவா ஹக்கோ, இரண்டு கொரிய நிறுவனங்கள், இவர்கள் என்று ஐந்து பேரும் கூடி விலையையும் பங்கையும் பேசி முடித்துக்கொண்டார்கள். நிறுவனத்தின் அதிகாரி மார்க் விட்டேக்கரே எஃப்பிஐக்கு ரகசியமாக ஒலிப்பதிவு செய்து கொடுத்தார். 1995 ஜூனில் சோதனை. 1996-ல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. அதில் 7 கோடி லைசினுக்கு. விட்டேக்கரே கடைசியில் நிறுவனப் பணத்தைச் சுருட்டியதற்காக உள்ளே போனது தனிக் கதை. 2009-ல் மாட் டேமன் நடித்து படமாகவும் வந்தது. படத்தைப் பார்த்தவர்களுக்கு விலைச் சதி புரிந்திருக்கும். அந்தப் பொடி விலை ஏறினால் எங்கோ ஒரு கொட்டகையில் சோயா கூடும் என்பது படத்தில் வராது.

நம் பற்று வரவை இப்போது திருத்திப் போடலாம். புரதம் 16-லிருந்து 14 சதவீதம், லைசின் போன்றவை தனியாக. உள்ளே போவது 5.4 கிலோ நைட்ரஜன். பன்றி அதே 2.2 கிலோவைத் தங்கவைக்கிறது. வெளியே 3.2 கிலோ. 3.9-லிருந்து 3.2, அதாவது 18 சதவீதம் குறைவு. வாகெனிங்கனில் வியட்நாமிலிருந்து வந்த ஓர் ஆய்வு மாணவர் 1998-ல் முடித்த ஆய்வில் அளந்து காட்டியதும் இதை ஒட்டித்தான் வருகிறது. புரதத்தை ஒரு சதவீதம் குறைத்தால் அம்மோனியா 10 சதவீதமோ கொஞ்சம் கூடவோ குறைகிறது. காமர்ஸ்காரன் காகிதத்தில் போட்ட கணக்கும் ஆய்வுக்கூடக் கருவியும் ஒத்துப்போனதில் ஒரு சந்தோஷம்.

அதே 1998-ல் டச்சு அரசு செய்ததுதான் என்னைப் போன்றவர்களுக்கு விருந்து. மினாஸ் என்று பெயர், தாதுக் கணக்கு முறை. ஒவ்வொரு பண்ணையும் நைட்ரஜனுக்கும் பாஸ்பேட்டுக்கும் ஒரு பேரேடு எழுத வேண்டும். தீவனம், உரம், குட்டிகள் பற்றுப் பக்கம். விற்ற பன்றி, வெளியே அனுப்பிய எரு வரவுப் பக்கம். வித்தியாசம் மண்ணிலும் காற்றிலும் போன நஷ்டம். ஹெக்டேருக்கு இவ்வளவு நஷ்டம் மன்னிக்கப்படும், அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று வரி. எப்படிக் குறைப்பாய் என்று அரசு கேட்காது. தீவனத்தில் புரதத்தைக் குறைத்தாலும் சரி, பன்றியைக் குறைத்தாலும் சரி. தீவனக் கம்பெனி மூட்டையின் பில்லிலேயே நைட்ரஜன் எவ்வளவு என்று வந்தது. எனக்குத் தெரிந்து ஒரு மூட்டைத் தீவனத்தில் ஊருக்குப் போகும் பங்கையும் சேர்த்து எழுதிய முதல் கணக்கு இது.

ஆனால் நிலமே இல்லாத பன்றிப் பண்ணைக்கு வரவுப் பக்கம் முழுக்க லாரியில் போகும் எரு. குழம்பில் மேலே தண்ணீர், அடியில் வண்டல். எந்த மட்டத்தில் மாதிரி எடுத்தாய் என்பதைப் பொறுத்து கணக்கு மாறும். நேர்மையாக எழுதியவரும் அபராதத்தில் மாட்டினார், ஏமாற்றத் தெரிந்தவர் தப்பினார். நம் ஊரில் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

அதைக் கொன்றது வேறொன்று. 1991-ன் ஐரோப்பிய நைட்ரேட் நெறிமுறை, ஹெக்டேருக்கு கால்நடை எருவின் நைட்ரஜன் 170 கிலோவுக்கு மேல் போடக் கூடாது என்று முன்கூட்டியே வரம்பு வைக்கச் சொன்னது. மினாஸோ வருடக் கடைசியில் மிச்சத்தைப் பார்த்து வரி போட்டது. ஓவர்டிராஃப்டுக்கு வரம்பே வைக்காமல் அபராத வட்டி மட்டும் வசூலித்தால் ரிசர்வ் வங்கி விடுமா? 2003 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் நெதர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2006-ல் மினாஸ் எடுக்கப்பட்டு, போடும் எருவுக்கு வரம்பு என்ற பழைய முறை வந்தது. தீர்ப்பு சட்டப்படி சரியாக இருக்கலாம். பேரேட்டைப் பறித்துக்கொண்டு வெறும் வரம்பைக் கையில் கொடுத்ததில் தீவன மூட்டை மறுபடி கணக்குக்கு வெளியே போனது என்பது என் வருத்தம்.

இதுவரை அம்மோனியா. ஆனால் ஜன்னலை மூடவைக்கும் நாற்றம் அம்மோனியா மட்டும் இல்லை. காட்டை அழிப்பது அம்மோனியா, சட்டையில் ஒட்டிக்கொண்டு வருவது வேறு சில. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் சிதைந்தால் இண்டோல், ஸ்கேட்டோல். டைரோசின் சிதைந்தால் பாரா கிரெசால். கந்தகம் உள்ள மெதியோனின், சிஸ்டின் சிதைந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதன் உறவினர்களும். கடைசியாகச் சொன்னது நாற்றத்தோடு நிற்பதில்லை. மூடிய குழியில் குழம்பைக் கலக்கும்போது மொத்தமாகக் கிளம்பினால் உயிரை எடுக்கும். நம் நகரங்களில் மலக்குழியில் இறங்கியவர்கள் செத்துப்போனார்கள் என்று அடிக்கடி படிக்கிறோமே, அங்கேயும் பெரும்பாலும் இதே வாயுதான்.

நாற்றத்தை அளக்கக் கருவி கிடையாது. பயிற்சி பெற்ற சிலரை உட்காரவைத்து, காற்றை நீர்க்கவைத்துக்கொண்டே போய், பாதிப் பேருக்கு வாசனை தெரியாமல் போகும் அளவைக் குறிக்கிறார்கள். அதுதான் நாற்ற அலகு. 2003-ல் ஐரோப்பா முழுவதற்கும் இதற்கு ஒரு தரநிலை வந்தது. மூக்கை வாடகைக்கு விடும் உத்தியோகம்!

வியட்நாமிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு மாணவர் 2006-ல் வாகெனிங்கனில் இதையே ஆய்வு செய்து முடித்தார். தேவையான அமினோ அமிலங்களைத் தனியாகக் கொடுத்து புரதத்தை 18-லிருந்து 12 சதவீதத்துக்கு இறக்கியபோது எருவிலிருந்து கிளம்பிய நாற்றம் 80 சதவீதம் குறைந்தது, அம்மோனியா 53 சதவீதம். ஆனால் அதே ஆய்வில் எதிர்ப்பக்கமும் வந்தது. கந்தக அமினோ அமிலங்களைத் தேவைக்குப் பல மடங்கு கொடுத்தால் நாற்றம் பல மடங்காக எகிறியது. ஆக, புரதத்தைக் குறைத்துவிட்டு 'எதற்கும் இருக்கட்டும்' என்று மெதியோனின் பொடியை அள்ளிப் போடும் பண்ணைக்காரர் ஒரு கையால் அடைத்து இன்னொரு கையால் திறக்கிறார்.

சர்க்கரை பீட் கிழங்குச் சக்கையைத் தீவனத்தில் சேர்ப்பது இன்னொரு வழி. அந்த நார் பெருங்குடலில் புளிக்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் நைட்ரஜனைத் தங்கள் உடம்பில் கட்டிக்கொள்கின்றன. மூத்திரத்தில் போகவேண்டியது சாணத்தில் போகிறது. சாணத்து நைட்ரஜன் மெதுவாகத்தான் அம்மோனியா ஆகும். குழம்பும் கொஞ்சம் புளித்து அம்மோனியாவைப் பிடித்து வைக்கிறது. மறுபக்கம், நார் கூடினால் மீத்தேன் கூட வாய்ப்புண்டு. 2000-களின் தொடக்கத்தில் பென்சாயிக் அமிலத்தைத் தீவனத்தில் சேர்க்க ஐரோப்பா அனுமதித்தது. ஊறுகாய் பாட்டில் கெடாமல் இருக்க அதன் உப்பைப் போடுவார்கள். பன்றிக்குக் கொடுத்தால் மூத்திரம் புளிப்பாகிறது, அம்மோனியா அடங்குகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு தீவனத்திலேயே பிரச்சனையைத் தீர்த்தார்களா? முழுதாக இல்லை. நெதர்லாந்தின் அம்மோனியா 1990-ஐ ஒப்பிட மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கிவிட்டது உண்மை. அதில் பெரும்பங்கு எருவை மண்ணுக்குள் செலுத்தியதாலும் தொட்டிகளை மூடியதாலும் வந்தது. தீவனத்துக்கும் பங்குண்டு. நாற்றத்துக்கு அரசு நம்பியது கொட்டகைக் காற்றைக் கழுவும் இயந்திரத்தை. விவசாயிகள் கடன் வாங்கி அதை மாட்டினார்கள். அதை மாட்டியதால் கூடுதல் பன்றிக்கு அனுமதியும் வாங்கினார்கள். 2018-ல் வாகெனிங்கன் ஆய்வாளர்கள் உண்மையான பண்ணைகளில் அளந்தபோது, கூட்டு முறைக் கழுவிகள் சட்டம் எண்ணிக்கொண்டிருந்ததைவிட மிகக் குறைவாகவே நாற்றத்தைப் பிடித்தன. கிராமத்தார் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான்.

பன்றிகளைக் குறைக்கும் வேலையை முதலில் செய்தது நோய். 1997 பிப்ரவரியில் பிரபான்டில் பன்றிக் காய்ச்சல் தொடங்கி, ஒரு கோடி சொச்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. பெரும்பாலானவை நோயே இல்லாதவை, நகர்த்தத் தடை இருந்ததால் கொட்டகை நிரம்பி வழிந்தவை. 1998-ல் பன்றி வளர்க்க உரிமச் சீட்டு முறை வந்தது. சீட்டை வாங்கலாம், விற்கலாம், வங்கியில் ஈடாகவும் மதிப்புண்டு.

2019 மே 29 அன்று டச்சு மாநில ஆலோசனை மன்றம் அரசின் நைட்ரஜன் திட்டத்தை ரத்து செய்தது. நாளைக்குக் குறைப்போம் என்ற வாக்குறுதியை வைத்து இன்றைக்கு அனுமதி தரக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அக்டோபர் 1 அன்று விவசாயிகள் டிராக்டர்களோடு ஹேக் நகரத்துக்குள் வந்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெருக்கு என்று சொன்னதும், கடன் கொடுத்ததும், இயந்திரம் மாட்டு என்றதும் இதே நாடுதான். விவசாயிகள் கட்சி ஒன்று 2023 மார்ச் மாகாணத் தேர்தலில் முதலிடத்துக்கு வந்தது.

அதே 2019 நவம்பரில் அரசு சத்தமில்லாமல் இன்னொரு திட்டத்தைத் திறந்தது. தொழிலை விட்டுவிட விரும்பும் பன்றிப் பண்ணைக்காரர்களுக்குப் பணம். தகுதியைத் தீர்மானித்தது நாற்ற மதிப்பெண். சுற்றியுள்ள வீடுகளுக்கு எவ்வளவு நாற்றம் போகிறது என்று கணக்கிட்டு, குறைந்தபட்ச மதிப்பெண் வாங்கிய பண்ணைக்கு மட்டுமே பணம். சில நூறு பண்ணைகள் எடுத்துக்கொண்டன. பணம் வாங்க பன்றிகளை அனுப்பிவிட வேண்டும், குழியைக் காலி செய்ய வேண்டும், உரிமச் சீட்டைத் திருப்பித் தர வேண்டும், கொட்டகையை இடிக்க வேண்டும். சீட்டை ஈடாக வைத்திருந்த வங்கிக்கு முதலில் போகும், மிச்சம் விவசாயிக்கு.